தெருமுனையில் நின்றுவிடும் மருத்துவம்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவில் கூடும்போதெல்லாம் நாம் பௌத்தம் பேசுகிறோம், பூர்வத் தமிழர் என்ற அடையாளம் பேசுகிறோம், ‘தமிழன்’ இதழைப் பேசுகிறோம். அவருடைய தொழிலை மட்டும் மறந்துவிடுகிறோம். அவர் சித்த வைத்தியர். 1907 முதல் 1914இல் மறையும்வரை இதழை நடத்திய அதே இராயப்பேட்டையில்தான் அவர் நாடி பார்த்து மருந்தும் கொடுத்தார். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே சீட்டுக்கு வரிசையில் நிற்கும் எத்தனை பேருக்கு அது யார் பெயரென்று தெரியும்? எனவே இந்த ஆண்டு உரையை மருத்துவத்துக்கும், நம் தெருக்களுக்கு வந்துசேர வேண்டிய உதவிகளுக்கும் ஒதுக்கினோம். இலக்கிய மேடையில் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பசியும் பிரசவமும் நோயும் இல்லாத தலித் தன்வரலாறு ஒன்றைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ நூலில் ஒரு கடிதத்தை எடுத்துக் கையாள்கிறார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளியான கடிதம் அது. எழுதியவர் கத்தியவார் பகுதியைச் சேர்ந்த ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற சில நாளில் அவர் மனைவிக்கு உடல்நிலை மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, கட்டணமும் உறுதியான பிறகு வருகிறார். ஆனாலும் தொடமாட்டார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். திரும்பி வந்ததும் அதே வழியில்தான். விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. மருத்துவர் இருந்தார், கருவி இருந்தது, கட்டணமும் தரப்பட்டது. நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் நடுவே மூன்று கைகளின் தூரம் இருந்தது. சமூகவியல் வகுப்பில் ‘அணுகல்’ என்று படித்த சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய தமிழ்நாடு அன்றைய கத்தியவார் அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே சுமார் 8,700 துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அரசு மருத்துவமனையில் மருந்து காசில்லாமல் கிடைக்கிறது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது, 2009இல் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. குடிசையில் மண்ணெண்ணெய் விளக்கில் நம்மைப் பெற்ற தாய்மாரின் பேத்திகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளை பெறுகிறார்கள். இதைக் குறைத்துப் பேசுவது நம் வேலை இல்லை. இவற்றை அதிகம் நம்பியிருப்பவர்களும் நாம்தான். தனியார் மருத்துவமனைக்குப் போகக் கையில் காசு இருப்பவர்களுக்கு இது ஒரு திட்டம், நமக்கு உயிர்.

ஆனால் அரசின் கணக்கு கிராமத்தோடு முடிந்துவிடுகிறது. கிராமம் என்பது ஒன்றல்ல, ஊரும் சேரியுமாக இரண்டு. துணை சுகாதார நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறது? அங்கன்வாடி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் எங்கே? நாங்கள் போன ஊர்களில் பெரும்பாலும் எல்லாமே ஊர்ப் பக்கம், கோயிலுக்குப் பக்கத்தில். இதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. கட்டடத்துக்கு நிலம் வேண்டும். நிலம் யாரிடம் இருக்கிறதோ, பஞ்சாயத்தில் யார் குரல் எடுபடுகிறதோ, அவர்கள் காட்டிய இடத்தில் அடிக்கல் விழுகிறது. ஊசி போடும் நாளில் “காலனிக்காரங்க கடைசியா வாங்க” என்று ஒருவர் சொன்னால் போதும், வெப்பமானியின் பழைய பாதை திரும்பிவிடும். திருவிழாத் தகராறு ஒன்று வந்துவிட்டால் கதை வேறு. அந்த வாரம் முழுக்க ஒன்பது மாதக் கர்ப்பிணி அந்தத் தெருவைத் தாண்ட முடியாது. அடித்தவர்கள் நிற்கும் முனையைக் கடந்துதான் அரிசியும் மாத்திரையும் வாங்க வேண்டும்.

கிராம சுகாதார செவிலியரை நாம் குற்றம் சொல்லவில்லை. பல ஆயிரம் பேருக்கு ஒரே பெண், கையில் அத்தனை பதிவேடு. ஆனால் அவர் காலனிக்குள் வந்து வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கும் ஊரில் பெண்கள் வெள்ளைப்படுதலைப் பற்றியும் பேசுகிறார்கள். முனையில் நின்று கூப்பிட்டு மாத்திரை கொடுக்கும் ஊரில் இருமலைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை.

மகப்பேறு உதவியைப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து. பதிவு, பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி என்று கட்டம் கட்டமாக வரும். ஓரிடத்தில் நிலையாக இருப்பவருக்குப் பொருந்தும் வரிசை இது. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகும் பெண்ணுக்கு? பிக்மி எண் சொந்த ஊரில், வயிறு சூளையில். ஒரு பரிசோதனை தவறினால் அடுத்த தவணைக்கு விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோகிறாள்.

முதியோர் உதவித்தொகை 1962இல் 20 ரூபாயில் தொடங்கியது. இன்று 1,200. அதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான் என்பதை டெல்லியில் வளர்ச்சி பேசுபவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். மனு கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி வட்டாட்சியர்வரை போகும். வழியெல்லாம் ஒரே கேள்வி: “மகன் இருக்கானா?” இருக்கிறான். திருப்பூரில் இருக்கிறான், கடனில் இருக்கிறான். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. தொகை வந்தாலும், ஆயுள் முழுக்க நாற்று நட்டுத் தேய்ந்த கட்டைவிரலை ரேகைக் கருவி ஏற்பதில்லை. உழைத்ததற்கான ஆதாரமே அடையாளத்தை அழித்துவிடுகிறது.

மருத்துவமனைக்குள்ளேயும் நாம் இருக்கிறோம், துடைப்பத்தோடு. ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மலக்குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இறப்பு எந்தச் சட்டத்தில் பதிவாகிறது என்பது முதல் சில மணி நேரத்தில் காவல் நிலையத்தில் முடிவாகிவிடும். அந்த நேரத்தில் குடும்பத்தோடு யார் நிற்கிறார்கள் என்பதே முக்கியம்.

1891இல் உதகையில் பண்டிதர் கூட்டிய மாநாடு பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் நீர் எடுக்கும் உரிமை கேட்டது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது வெளியே வந்தது. 2025இல் சிபிசிஐடியின் குற்றப்பத்திரிகை அந்தத் தெருக்காரர்கள் மூவரையே குற்றவாளிகள் என்றது. அம்மக்கள் அதை மறுக்கிறார்கள். நாம் அவர்கள் பக்கம் நிற்கிறோம்.

சட்டம் நம் கையில் இல்லாமல் இல்லை. மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நுழைவதைத் தடுப்பது 2016 முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையாகவே குற்றம். வன்கொடுமை நடந்தால் ஏழு நாளுக்குள் உணவு, தண்ணீர், உடை, தங்குமிடம், மருத்துவம், போக்குவரத்து என எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன விதிகள். கொல்லப்பட்டவரின் மனைவிக்கு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம் அகவிலைப்படியோடு உண்டு. இழப்பீட்டுத் தொகையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு இந்த ஓய்வூதியத்தைப் பற்றி நம் தோழர்களுக்கே தெரிவதில்லை.

எனவே நாங்கள் இப்போது செய்துவருவது ஒரு சின்ன வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு, தெருவாரியாகக் கோடு போட்டது. செவிலியர் எந்தத் தேதியில் எந்தத் தெருவுக்குள் வந்தார், ரத்த அழுத்தக் கருவி யார் கையில் கட்டப்பட்டது, எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் நிற்கிறது என்று எழுதுகிறோம். பத்தாம் வகுப்பு படித்த பெண்பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள், எழுத்துப்பிழையோடு. அக்டோபர் 2 கிராம சபையில் அதை வாசித்து, ஊருக்கு மொத்தமாக இல்லாமல் தெருவுக்குத் தனியாகக் கணக்குக் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்வோம். தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற மறுத்தால், மறுத்ததையும் தேதி போட்டு அதே நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம். இந்த அரங்கில் இருக்கும் எழுத்தாளர்கள் அன்று ஒரு ஊருக்காவது வந்து உட்கார வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறோம்.