பிப்ரவரியில் எடுக்கப்படும் முடிவு



குழந்தைப் பருவத்தில் போட்ட தட்டம்மைத் தடுப்பூசி வாழ்நாள் முழுதும் காக்கும்போது, இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கு மட்டும் ஆண்டுதோறும் புதிய ஊசி ஏன் தேவைப்படுகிறது என்பது உயிரியலின் ஆழமான கேள்விகளுள் ஒன்று. இரண்டுமே ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருளைக் கொண்ட வைரஸ்கள். இரண்டும் தம்மை நகலெடுக்கையில் பிழை செய்கின்றன, அப்பிழையைத் திருத்தும் ஏற்பாடும் இரண்டிலும் இல்லை. ஆனால் தட்டம்மை வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள் பெரிதாக மாறினால் செயலிழந்துவிடும்; இன்ஃப்ளூயன்சா வைரஸ் மனித உயிரணுவைப் பற்றிக்கொள்ள உதவும் ஹீமக்ளூட்டினின் புரதத்தின் தலைப்பகுதியோ எத்தனையோ மாற்றங்களைத் தாங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், அதாவது வைரஸை அடையாளம் கண்டு மடக்கும் புரதங்கள், பெரும்பாலும் அந்தத் தலைப்பகுதியையே குறிவைப்பதால் வைரஸ் தப்பிவிடுகிறது.

இந்த ஓட்டத்தைக் கண்காணிக்க உலக சுகாதார நிறுவனம் 1952-இல் ஒரு வலையமைப்பை உருவாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் நோயாளிகளின் மூக்கு, தொண்டைச் சளியிலிருந்து வைரஸைப் பிரித்து அதில் பங்கேற்கின்றன. வைரஸ் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அறிய, ஃபெரட் என்னும் சிறு விலங்குக்குப் பழைய வைரஸைத் தொற்றவைத்து, அதன் இரத்தத்திலிருந்து பிரித்த ஊநீரை (சீரம்) படிப்படியாக நீர்க்கச் செய்து, புதிய வைரஸுடனும் சிவப்பணுக்களுடனும் சிறு குழிகள் கொண்ட தட்டில் கலக்கிறார்கள். எதிர்ப்பொருள் வைரஸை மடக்கிவிட்டால் சிவப்பணுக்கள் குழியின் அடியில் சிவப்புப் பொட்டாகப் படிகின்றன. மடக்கத் தவறினால் வைரஸ் அவற்றைப் பிணைத்து மெல்லிய படலமாகப் பரவவிடுகிறது. பழைய வைரஸுக்குத் தேவைப்பட்டதைவிட எட்டு மடங்கு செறிவான ஊநீர் இருந்தால்தான் பொட்டு விழும் என்ற நிலை வந்தால், வைரஸ் கணிசமாக விலகிவிட்டது என்று கொள்கிறார்கள். கோடிக்கணக்கானோர் பெறும் தடுப்பூசியின் உள்ளடக்கம், மரபணு வரிசைகளோடு சேர்த்து, இந்தப் பொட்டுகளைப் படிப்பவரின் கண்ணையும் கவனத்தையும் நம்பியே நிற்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தயாரிப்புக்கு ஏறத்தாழ ஆறு மாதம் பிடிப்பதால், வட அரைக்கோளத்தின் குளிர்காலத் தடுப்பூசிக்கான வைரஸ்கள் பிப்ரவரியிலேயே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தென் அரைக்கோளத்துக்கான தேர்வு செப்டம்பரில் நடக்கிறது. 2014 பிப்ரவரியில் இன்ஃப்ளூயன்சாவின் ஹெச்3என்2 வகைக்கு 2012-ஆம் ஆண்டின் டெக்சாஸ் வைரஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதிலிருந்து விலகிய வைரஸ்கள் அடுத்த மாதமே அமெரிக்கக் கண்காணிப்பில் தென்பட்டு, குளிர்காலத்துக்குள் மேலோங்கிவிட்டன. அந்தப் பருவத்தில் அமெரிக்காவில் தடுப்பூசியின் பயன் சுமார் 19 விழுக்காடாகச் சரிந்தது. முடிவெடுத்தவர்கள் கையிலிருந்த சான்றை நேர்மையாகவே படித்தார்கள்; விலகலின் சான்று வந்து சேருமுன் காலக்கெடு வந்துவிட்டது.

எனினும் தோல்வி அனைத்தையும் வைரஸின் மேல் சுமத்துவது நியாயமன்று. இன்றும் பெரும்பாலான இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகள் கருவுற்ற கோழிமுட்டையில் வளர்க்கப்படுகின்றன. முட்டையின் உயிரணுக்களில் வைரஸ் பற்றும் ஏற்பிகள் மனிதரின் மூச்சுப்பாதையில் உள்ளவற்றிலிருந்து சற்று வேறானவை என்பதால், அங்கே வளரும் வைரஸ் அந்த முட்டைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. 2014-க்குப் பின் பரவிய ஹெச்3என்2 வைரஸ்களின் ஹீமக்ளூட்டினினில், 160-ஆம் இடத்து அமினோ அமில மாற்றத்தால் ஒரு சர்க்கரைச் சங்கிலி புதிதாக ஒட்டிக்கொண்டு, அவ்விடத்தை எதிர்ப்பொருளிடமிருந்து மறைத்தது. 2016-17 பருவத்துக்குச் சரியான வைரஸே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தும், முட்டையில் வளர்ந்தபோது அந்தச் சங்கிலி உதிர்ந்துவிட்டதால், தடுப்பூசி கற்றுக்கொடுத்த வடிவம் ஒன்றாகவும் தெருவில் பரவிய வடிவம் வேறாகவும் ஆயின. பூச்சியின் உயிரணுக்களில் புரதத்தை மட்டும் தயாரிக்கும் முறையில் அந்தச் சர்க்கரை நிலைத்தது. தயாரிப்புக் கூடத்தின் வசதி மருந்தின் வடிவத்தையே தீர்மானிக்கும்போது, பொறியாளரும் நோய்த்தடுப்பியலாளரும் ஒரே மேசையில் அமராமல் இச்சிக்கல் தீராது.

தடுப்பூசித் தயாரிப்பில் தூது ஆர்.என்.ஏ. (mRNA) முறை, மரபணு வரிசை கிடைத்தவுடனே தயாரிப்பைத் தொடங்க இடமளிப்பதால், தேர்வுக்கும் ஊசிக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறைக்கிறது; கோவிட் தடுப்பூசி 2023-இல் எக்ஸ்பிபி.1.5 என்னும் திரிபுக்கேற்பப் புதுப்பிக்கப்பட்டதற்கு அது பெரிதும் துணைநின்றது. துரத்துவதைக் கைவிட்டு, ஹீமக்ளூட்டினினின் எளிதில் மாறாத தண்டுப்பகுதியைக் குறிவைக்கும் முயற்சி இன்னொரு பாதை. உடலோ தலைப்பகுதியையே விரும்பி நாடுகிறது. முதல் தொற்றின் நினைவையும் எளிதில் விடுவதில்லை என்பதை வைரஸ் ஆய்வாளர் தாமஸ் ஃபிரான்சிஸ் 1960-லேயே எடுத்துக்காட்டினார். ஆகவே தண்டின் மீது நம்பிக்கை வைப்பது சரி, அவசரப்படுவது தவறு.

இந்தியாவில் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் இந்த வலையமைப்பின் கண்ணியாக விளங்குகிறது. வரைபடத்தில் இந்தியா வட அரைக்கோளம். ஆனால் ஸ்ரீநகரில் குளிர்காலத்தில் உச்சம் பெறும் இன்ஃப்ளூயன்சா, நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையோடும், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடும் சேர்ந்து ஏறுகிறது. பிப்ரவரித் தேர்வின் ஊசி அக்டோபரில் வந்து சேர்ந்தால் ஜூலை மழையில் நனைந்த ஊர்களுக்கு அது பிந்திவிடும். எந்த அரைக்கோளத்தின் தடுப்பூசியை எந்த மாதம் எங்கே போடுவது என்பதை ஒவ்வொரு பகுதியின் சளி மாதிரிகளும் ஆண்டு முழுவதும் இடைவிடாது பரிசோதிக்கப்பட்டால்தான் முடிவு செய்ய முடியும். அந்தப் பணிக்கு மாவட்ட மருத்துவமனைகளின் ஆய்வகங்களில் பயிற்சி பெற்ற கைகள் இன்னும் பல வேண்டியிருக்கின்றன.