பிள்ளைகள் கேட்ட பாடவேளை

(திருவொற்றியூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளி உணவு என்றதும் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கக் காரணமாக இருந்தவர், நம் பகுதியைச் சேர்ந்த பிட்டி தியாகராயர். 102 ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் வந்தது.

உள்ளே முட்டையும் சாம்பாரும் போடுகிறோம். வாசலிலோ ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் தோரணமாகத் தொங்குகின்றன. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. விதி தாளில் இருக்கிறது.

சென்ற ஆண்டு என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இரண்டு கோரிக்கைகள். ஒன்று, வாசல் கடையில் சுண்டலும் கொய்யாவும் வேண்டும். இரண்டு, "சார், பி.இ.டி. பீரியடை எங்களுக்கே கொடுத்துடுங்க." அந்தப் பாடவேளையைத் தேர்வுக்காக எடுத்துக்கொண்டிருந்தவர் வேறு யாருமல்ல, கணக்கு ஆசிரியரான நான்தான்.

கடை வைத்திருப்பவர் எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி. அவரை விரட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசினார்கள். "சுண்டல் மீந்தா யாரு வாங்குவா?" என்றார் பாட்டி. நியாயமான கேள்வி. முதல் வாரம் மீந்ததை ஆசிரியர்கள் நாங்கள் வாங்கினோம். இன்று பாதித் தோரணம் இறங்கியிருக்கிறது; மீதி இன்னும் தொங்குகிறது.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குறுகிய தெருக்களில், லாரி ஓடும் சாலையோரம் வாழும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் வேறு இடம் ஏது? ஆலை நெடி அடிக்கும் நாளில் அதுவும் இல்லை. அன்று வகுப்பறையில் கேரம் பலகையை இறக்குகிறோம். மற்ற நாளில் அந்த வேளை அவர்களுடையது. கணக்கில் அவர்கள் பின்தங்கிவிடவில்லை; மதியத்தில் தூங்கி விழுவதும் குறைந்திருக்கிறது.

மகிழ் முற்றம் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் விளையாட்டுப் பாடவேளை உங்களுக்குக் கிடைக்கிறதா?" பதில் சங்கடமாக இருக்கலாம். எனக்கு இருந்தது. ஆனாலும் கேளுங்கள்.