நுரையீரற் புற்றும் குடிவழியும்

“எங்கள் பாட்டனார் 90 வயது வரை சுருட்டுப் பிடித்தார், அவருக்கு நுரையீரற் புற்றுநோய் வரவில்லையே” என்று வாதிப்பாரை நீங்கள் கண்டிருப்பீர்கள். என்னிடம் முன்பு படித்த ஒருவர் அண்மையில் இதற்கு மறுதலையாகப் பேசினார். அவருடைய தந்தையும் சிற்றப்பாவும் அந்நோயால் மாண்டவர்கள். “ஐயா, இது எங்கள் இரத்தத்திலேயே இருக்கிறது. நான் பீடியை விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன?” என்றார். இவ்விருவர் எண்ணமும் ஒன்றே: எல்லாம் பிறவியிலேயே முடிவாகிவிட்டது என்பது. இதைப் பேதைமை என்று தள்ளிவிடுதல் எளிதன்று. மரபியலில் பேரறிஞர் ஒருவரே இவ்வாறு வாதாடியிருக்கிறார்.

1950-ஆம் ஆண்டில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்னும் இருவர் லண்டன் மருத்துவமனைகளில் நடத்திய ஆராய்ச்சியை வெளியிட்டனர். நுரையீரற் புற்றுற்ற ஆடவர் 649 பேருள் புகைக்காதவர் இருவரே. வேறு பிணியுற்றுக் கிடந்த 649 பேருள் புகைக்காதவர் 27 பேர். டால் தாமும் புகைப்பதை விட்டுவிட்டார்.

இம்முடிவை எதிர்த்து எழுந்தவர் ரொனால்டு பிஷர். கேம்பிரிட்ஜில் மரபியல் பேராசிரியராய் விளங்கியவர், புகைக்குழாய்ப் பிரியர். புகையிலைத் தொழிலதிபர்களிடம் ஊதியம் பெற்ற ஆலோசகராகவும் இருந்தார். அதற்காகவே அவர் வாதத்தைக் கேளாமல் ஒதுக்குவது முறையாகாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், ஏனைய இரட்டையரைவிடப் புகைப்பழக்கத்தில் மிகவும் ஒத்திருக்கின்றனர் என்று 1958-இல் அவர் காட்டினார். ஆகவே அப்பழக்கத்திற்குப் பிறவிக்கூறு ஒன்று உண்டு. அக்கூறே புற்றையும் விளைக்கலாம் அன்றோ என்பது அவர் கேள்வி. வகுப்பறை முறையில் சொல்வதானால், மழைநாளில் குடையும் சேறும் சேர்ந்தே காணப்படுகின்றன. குடையா சேற்றை உண்டாக்கிற்று?

கேள்வி கூரியது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிதாயிருந்த இந்நோய், சிகரெட்டு பரவிய சில பத்தாண்டுகளுக்குப் பின் பன்மடங்கு பெருகியது. ஒரு நாட்டு மக்களின் பிறவிக்கூறு இரண்டு தலைமுறையில் அவ்வளவு மாறிவிடுமா? மேலும், புகைப்பதை விட்டவர்களிடம் நோய் குறைந்தது. பிறவிக்கூறோ, பழக்கத்தை விட்டதும் உடலை விட்டு நீங்குவதன்று.

பிஷர் 1962-இல் மறைந்தார். கதை அத்தோடு முடியவில்லை. 2008-இல் மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து, பதினைந்தாம் குரோமோசோமில் ஒரே இடத்தைச் சுட்டின. நிகோட்டினை உயிரணுக்கள் ஏற்றுக்கொள்ளும் வாயில்களை அமைக்கும் மரபணுக்கள் அங்கே உள்ளன. அவற்றில் ஒருவகை மாறுபாட்டைப் பெற்றோருள் ஒருவர் வழியாகப் பெற்றவருக்கு நோய் வாய்ப்பு நூற்றுக்கு 30 பங்கு அளவு மிகுதி. இருவர் வழியாகவும் பெற்றவருக்கு 80 பங்கை நெருங்குகிறது. அத்தகையோர் நாள்தோறும் புகைக்கும் அளவும் சற்று மிகுதி. ஆக, பிஷர் தேடிய கூறு இருக்கத்தான் செய்தது! ஆனால் புகையே தொடாதவரிடம் அதனால் ஆபத்து மிகுந்ததாகப் பின்வந்த ஆய்வுகளில் தெளிவாகப் புலப்படவில்லை. நெருப்பில்லாத இடத்தில் உலர்ந்த விறகு கிடப்பது போன்றது அது.

புகைக்காதவருக்கும் இந்நோய் வருவதுண்டு. அரிதான சில குடும்பங்களில் புற்றைத் தடுக்கும் மரபணுவே பழுதுற்று வழிவழியாய் வருகிறது. பொதுவாக, பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால் நம் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதிலும் ஒரு சிக்கல்: ஒரு வீட்டார் பகிர்ந்துகொள்வது மரபணுவை மட்டுமா? அடுப்புப் புகையையும் அப்பாவின் பீடிப் புகையையும் சேர்த்தே பகிர்கின்றனர். புகைப்பவருக்கோ, புகைக்காதவரைக் காட்டிலும் வாய்ப்பு 15 மடங்குக்கும் மேல்.

என் மாணவரிடம் பிரிட்டனில் 2000-இல் வெளிவந்த கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். விடாது புகைக்கும் ஆடவர் நூற்றுவருள் 75 வயதுக்குள் இந்நோயால் இறப்பவர் ஏறத்தாழ 16 பேர். 50 வயதில் விட்டவருள் 6 பேர். 30 வயதிலேயே விட்டவருள் இருவருக்கும் குறைவு. குடிவழி தெரிந்தவர் முந்திக்கொள்ள வேண்டியதற்கு அதுவே காரணமாகிறது என்றேன்.

அவருக்கு வயது 48. “ஐம்பதுக்கு இன்னும் இரண்டாண்டு இருக்கிறதே ஐயா” என்று சிரித்தார். சிரித்தாலும், அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனார்.