நாகப்பாவின் திருத்தமும் தாட்சாயணியின் மறுப்பும்



தனித்தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போகிறவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? தமிழ்நாட்டில் அப்படி 7 பேர், நாடு முழுக்க 84 பேர். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் இதைக் கேட்கிறோம். கோபமாகக் கேட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறோம். இன்று அந்தக் கேள்வியோடு தாட்சாயணி வேலாயுதனிடம் போக நினைக்கிறோம். நம் மேடைகளில் அவர் பெயர் அதிகம் ஒலிப்பதில்லை. காந்தியவாதி, தனித் தொகுதி முறையை எதிர்த்தவர், காங்கிரஸ்காரர் என்று மூன்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டோம்.

1912இல் கொச்சியை ஒட்டிய முளவுகாடு தீவில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். அதற்கு அடுத்த ஆண்டு கொச்சிப் புலையர்கள் கூட்டம் போட இடம் கிடைக்காமல், காயலில் படகுகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் கூடினார்கள். தரையில் நிற்கத்தான் தடை, தண்ணீருக்கு ஆணை போட முடியவில்லை. அந்த இயக்கத்தோடு ஒட்டி வளர்ந்த வீடு அவருடையது. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தபோது, ஆதிக்கசாதி ஆசிரியர் ஒருவர் அவருக்குச் சோதனைகளைக் காட்ட மறுத்தார். தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி அவர்தான். சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, திருச்சூர், திருப்பூணித்துறைப் பள்ளிகளில் 1945 வரை பாடம் நடத்தினார்.

அந்த ஆண்டே கொச்சி சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். தீண்டாமை இருக்கும்வரை ஹரிஜன் என்ற பெயருக்குப் பொருளில்லை, நாய்க்கு நெப்போலியன் என்று பெயர் வைப்பது போலத்தான் அது என்று பேசியவர். சேவாகிராமத்தில் காந்தியின் முன்னிலையில் திருமணம் செய்துகொண்டவர் பேசிய பேச்சு இது. காந்தியவாதி முத்திரையை இங்கேயே கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது.

1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் வாக்குகளால் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். வயது 34. அந்தச் சபையில் இடம்பெற்ற ஒரே தலித் பெண். அதே காலத்தில் சென்னையிலிருந்து 'தி காமன் மேன்' என்ற ஆங்கில இதழையும் நடத்தினார்.

இனி 1947 ஆகஸ்ட் 28க்கு வருவோம். தனித் தொகுதிகள் இருக்கும், ஆனால் எல்லாச் சாதியாரும் அங்கே வாக்களிப்பார்கள் என்று முடிவாகிக்கொண்டிருந்தது. அப்படியானால் சேரி முழுக்க எதிர்த்து வாக்களித்தாலும், ஊரின் வாக்கைக் கொண்டே ஒரு தலித் வேட்பாளர் ஜெயித்துவிடலாம். இதைக் கண்டு சென்னை மாகாணத்திலிருந்து சென்ற எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: தன் சமூகத்தின் வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காடு பெற்றவரே வென்றவராக வேண்டும். தாட்சாயணி எழுந்து அதை எதிர்த்தார். நம் மக்கள் பொருளாதார அடிமைகளாக இருக்கும்வரை தனி வாக்காளர் தொகுதி, கூட்டுத் தொகுதி, இத்தனை விழுக்காடு என்ற பேச்செல்லாம் வீண் என்பது அவர் வாதம். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது.

நம் நிலையைச் சொல்லிவிடுகிறோம். அன்று நாகப்பா கண்டது சரி. ஊரின் தயவில் ஜெயித்தவர், ஊருக்கும் சேரிக்கும் தகராறு என்றால் எந்தப் பக்கம் வாய் திறப்பார் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 35 விழுக்காடு இருந்திருந்தால், வேட்பாளர்கள் முதலில் நம் தெருவுக்குள் வந்து பதில் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் தாட்சாயணியின் வாதத்தைப் புரட்டித் தள்ளவும் முடியவில்லை. நிலமும் கூலியும் ஒருவர் கையில், வாக்கு மட்டும் நம் கையில் என்றால், அந்த 35 விழுக்காட்டையும் பண்ணையார் வீட்டுத் திண்ணையில் வைத்தே எண்ணி வாங்கிவிட முடியாதா? கீழத்தஞ்சையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாகப்பா வாக்குச்சாவடியைப் பார்த்தார், தாட்சாயணி வயலைப் பார்த்தார். இரண்டையும் ஒருசேரப் பார்த்த தீர்மானம் ஒன்று அந்தச் சபைக்கு வரவேயில்லை. நம் அமைப்புகளும் இன்றுவரை இடஒதுக்கீட்டுக்கு ஒரு மாநாடு, பஞ்சமி நிலத்துக்கு வேறொரு மாநாடு என்றுதான் நடத்துகிறோம்.

அவர் தலையாட்டி உறுப்பினரும் அல்ல. 1948 நவம்பரில் வரைவு அரசியலமைப்பு விவாதத்துக்கு வந்தபோது, அதிகாரத்தை எல்லாம் மையத்தில் குவிப்பதைக் கண்டித்தார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலே அதில் தெரிகிறது என்றார். ஆளுங்கட்சியின் வரிசையில் அமர்ந்துகொண்டு, அண்ணல் தலைமையில் எழுதப்பட்ட வரைவை இப்படிப் பேச ஒரு தனித் துணிச்சல் வேண்டும். நமக்கு அது கசக்கலாம், கசக்கட்டும்.

1950இல் தற்காலிக நாடாளுமன்றம் அமைந்தபோது தாட்சாயணியும் கணவர் ஆர். வேலாயுதனும் உறுப்பினர்களாக இருந்தார்கள். 1952 தேர்தலுக்குப் பின் கூடிய முதல் மக்களவையில் வேலாயுதன் இருந்தார், தாட்சாயணி இல்லை. 1971இல் அடூர் தொகுதியில் நின்று தோற்றார். இன்று நம் மாணவிகள் கேட்கிற 'பெண்களுக்கு எத்தனை இடம்' என்ற கேள்வியையும் நாகப்பாவின் திருத்தத்தோடு சேர்த்தே விவாதிக்க வேண்டும். அந்த விவாதத்தை இந்த அரங்கிலேயே, உங்கள் முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.