அடைக்கலப் பொருளும் அறக்கொடையும்



நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றவுடன் பள்ளிக்குக் கட்டடம், மருத்துவமனைக்குக் கருவி, சிற்றூருக்குக் குடிநீர் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. 2013ஆம் ஆண்டின் இந்திய நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவில், பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டை இத்தகைய பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. வழக்கமான தொழில் நடவடிக்கைகளுக்கு ஆகும் செலவு அக்கணக்கில் சேராது. ஆகவே, வாடிக்கையாளரின் விவரங்களைக் காக்கச் செய்யும் செலவு கொடையாகாது. கொடைக்கு முன்னே தீர்க்க வேண்டிய கடன் அது.

அக்கடனை மறந்ததன் விளைவை அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் உலகம் கண்டது. மக்கள் கடன் வாங்கிய வரலாற்றை வங்கிகளிடமிருந்து திரட்டி, கடன் கொடுப்போருக்கு வழங்குவது அதன் தொழில். அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் 2017 மார்ச்சில் ஒரு குறை வெளிப்பட்டது. அதற்குரிய திருத்தமும் உடனே கிடைத்தது. ஆயினும், நிறுவனத்தின் ஓர் இணையவாயில் திருத்தப்படாமலே விடப்பட்டது. மே மாதம் அவ்வழியே நுழைந்த திருடர்கள் ஜூலை இறுதி வரை உள்ளேயே உலவினர். கண்காணிப்புக் கருவியின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தமையால், காவல் கண்மூடிக் கிடந்தது. ஏறத்தாழ 14.7 கோடி பேரின் பெயர், பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண் முதலியன களவு போயின.

ஜூலை 29இல் தெரியவந்த களவு, செப்டம்பர் 7இல்தான் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. உதவியாக அளித்த இலவசச் சேவையின் விதிகளுள், வழக்குத் தொடரும் உரிமையைக் கட்டுப்படுத்தும் விதியொன்றும் இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அது நீக்கப்பட்டது. அம்மாதமே தலைமைச் செயல் அலுவலர் விலகினார். 2019இல், குறைந்தது 57.5 கோடி டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது.

நிறுவனம் புயலைக் கடந்துவிட்டது. இன்றும் அதே தொழிலை நடத்துகிறது. மக்களின் நிலை என்ன? கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த நாளை மாற்ற இயலுமா? அவர்களுள் பெரும்பாலோர் அந்நிறுவனத்தைத் தேடிச் சென்று விவரம் கொடுத்தவர்கள் அல்லர். எனவே, சினந்து வேறு நிறுவனத்தை நாடவும் வழியில்லை. உரியவர் அறியாமலே கைக்கு வந்த அடைக்கலப் பொருளைக் காப்பதில் பொறுப்பு இருமடங்காகிறது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தக்க காவல் செய்யாதோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கிறது.

இது பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. ஆதார் நகலை வாங்கி மேசை அறையில் வைக்கும் சிறு கடைக்கும் பொருந்தும். தேவைக்கு மேல் வாங்காமை, வேலை முடிந்ததும் அழித்துவிடுதல், இழப்பு நேர்ந்தால் உரியவரிடம் உடனே உண்மை உரைத்தல் ஆகிய மூன்றும் இலாபம் வரும் வரை காத்திராமல் இன்றே தொடங்கத்தக்க அறங்கள். ஆண்டறிக்கையில் அறக்கொடைப் பட்டியல் எவ்வளவு நீண்டிருப்பினும், அடைக்கலப் பொருளை இழந்தவரின் இழப்பை அது ஈடு செய்யாது.