இரு நூல்களும் ஒரு கணக்கும்



உங்களுள் பலர் மாலை வேளையில் தம்பிக்கோ தங்கைக்கோ கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள். பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே பயின்று, 1989-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வை எழுதுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். இத்தகைய வீடுகளில் இயற்கணிதம் தொடங்கும்போது, பெரும்பாலும் இரண்டு பாடநூல்கள் மேசைக்கு வந்துவிடுகின்றன. ஒன்று தமிழ்நாட்டு அரசின் நூல், மற்றொன்று என்.சி.இ.ஆர்.டி. நூல். இரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது சிறிய செய்தி அன்று. எண் நின்ற இடத்தில் எழுத்து வந்து நிற்கும் இக்கட்டத்தில் குழம்பிய பிள்ளை, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தன்னைப் பற்றியே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. அத்தீர்ப்பைப் பின்னர் அழிப்பது மிகக் கடினம்.

வீட்டிலிருந்து இரு நூல்களைக் கொண்டு கணிதம் கற்றவர் நம் நாட்டிலேயே ஒருவர் உண்டு. 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், ஏறத்தாழப் பதின்மூன்று வயதில் லோனி என்பார் எழுதிய கோணகணித நூலைக் கற்றுத் தேர்ந்தார். 1903-இல் கார் என்பார் தொகுத்த நூல் அவர் கைக்கு வந்தது. லோனியின் நூல் படிப்படியாக விளக்கிச் செல்வது. காரின் நூலோ ஏறத்தாழ 5000 முடிவுகளை வரிசைப்படுத்தித் தருவது. நிறுவல்கள் அதில் மிகச் சுருக்கம். ஒன்று வழியைக் காட்டியது. மற்றொன்று ‘வழியை நீயே தேடு’ என்று விட்டுவிட்டது. ஒரே வேலையைச் செய்யும் இரு நூல்களாக அவை இருந்திருந்தால், அவருக்கு இத்துணைப் பயன் கிட்டியிராது. ஆயினும், முடிவை எழுதி நிறுவலை விட்டுவிடும் பழக்கம் காரின் நூலிலிருந்தே அவருக்கு வந்தது என்று பலரும் கூறுவர். 1914-இல் இங்கிலாந்து சென்ற பிறகு நிறுவலின் முறையை ஹார்டியிடம் அவர் அறிய வேண்டியிருந்தது. நூலின் வலிமை மட்டுமன்றி, அதன் குறையும் கற்பவனைத் தொற்றிக்கொள்ளும் என்பதை நாம் இதனால் உணரலாம்.

இனி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். மூன்று பொட்டலம் கடலை மிட்டாயும் உதிரியாக ஐந்தும் சேர்ந்து மொத்தம் இருபது. ஒரு பொட்டலத்தில் உள்ளவை ‘அ’ என்க. 3அ + 5 = 20. ‘ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோ, குறியை மாற்று’ என்பது ஒரு முறை. ‘தராசின் இரு தட்டிலிருந்தும் ஐந்தை எடு’ என்பது மற்றொரு முறை. இரண்டிலும் 3அ = 15 என்றே வரும்.

முதல் முறையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை அடுத்த அடியில் தடுமாறும். மூன்றையும் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குறியை மாற்றி, 15 − 3 = 12 என்று எழுதும். தராசை அறிந்த பிள்ளையோ, மூன்று பொட்டலம் பதினைந்து என்றால் ஒரு பொட்டலம் ஐந்து என்று காணும். ஆகவே தராசு முதலில். விரைவு முறை பின்னால். விரைவு முறை தராசின் சுருக்கெழுத்தே என்று பிள்ளை தன் வாயால் சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குச் செல்லாதீர்கள்.

இரு நூல்களையும் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிச் செல்லவும் இயலாது. 2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலில் அணிகள் என்னும் பாடம் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. முறையில் அது பன்னிரண்டாம் வகுப்பில்தான் வருகிறது. வரிசை வேறு, வேகம் வேறு. இரண்டின் வரிசையையும் பின்பற்ற முயல்வது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைப்பதாகும்.

இதற்கு வழி, நம் கரிசல் உழவரிடமே இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் பருத்தியோடு உளுந்தை ஊடுபயிராக விதைப்பார்கள். உளுந்து இரண்டு, இரண்டரை மாதத்தில் கைக்கு வந்துவிடும். பருத்தி ஐந்து மாதமேனும் நிற்கும். இரண்டும் ஒரே காலத்தில் ஒரே ஈரத்துக்குப் போட்டியிடுவது குறைவு. எது முதற்பயிர், எது ஊடுபயிர் என்பதில் உழவருக்கு ஐயமே இல்லை.

அவ்வாறே நீங்களும் செய்யலாம். எத்தேர்வை எழுதப் போகிறதோ அதற்குரிய நூலே பிள்ளைக்கு முதல் நூலாகட்டும். வரிசையும் குறியீடும் அதனுடையவையே. இரண்டாம் நூலுக்கு ஒரே ஒரு பணி கொடுங்கள். முதல் நூலில் விளக்கம் குறைந்த இடத்தில் விளக்கம், அல்லது பயிற்சி குறைந்த இடத்தில் பயிற்சி. வாரத்தில் ஒரு நாள், ஒரே கணக்கை இரு நூல்களின் வழியிலும் செய்யச் சொல்லி, விடை ஏன் ஒன்றாக வந்தது என்று கேளுங்கள். கிடைத்த விடையை மூலச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை நாள்தோறும் வற்புறுத்துங்கள். தன் விடை சரியென்று தானே காணும் பிள்ளை, எந்த நூலையும் அஞ்சாமல் திறக்கும்.