நம் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி என்றால் நம் மேடைகளில் மருத்துவம், பொறியியல், ஐ.ஏ.எஸ்., இடஒதுக்கீடு என்றுதான் பேச்சு தொடங்கும். அவை தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது மூன்றாம் வகுப்பைப் பற்றி! எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றி!

ஏன் மூன்றாம் வகுப்பு? முதல் இரண்டு ஆண்டுகள் பிள்ளை வாசிப்பதற்குக் கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறது. அறிவியலும் சமூகவியலும் பாடப்புத்தகமாகத்தான் வருகின்றன. கணக்கில்கூட கேள்வியை வாசித்தால்தானே விடை எழுத முடியும்? வாசிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்புக்குப் போகும் பிள்ளை, அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வருகிறது. ஏழாவதில் படிப்பு கசக்கிறது. ஒன்பதாவதில் நின்றுவிடுகிறது. "படிப்பு ஏறவில்லை, கடையில் போட்டுவிட்டேன்" என்கிறார் தந்தை. படிப்பு ஏறாமல் போனது ஒன்பதாவதிலா? இல்லை சகோதரர்களே, மூன்றாவதிலேயே!

2006-ல் வெளியான நீதியரசர் சச்சார் குழு அறிக்கையை மேடைதோறும் பேசுகிறோம். 6 முதல் 14 வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது பாதியில் நின்றவர் என்று அது சொன்னது. மதரஸாக்களில் மட்டும் படிப்பவர்கள் மிகச் சிறிய பகுதியினர் என்றும் அதே அறிக்கை சொன்னது. அப்படியானால் நம் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், நகராட்சிப் பள்ளியில். அந்தப் பள்ளிகள் ஒரு தேர்வில் வாங்கும் மதிப்பெண் நம் சமுதாயம் வாங்கும் மதிப்பெண்!

எதை அளக்கிறார்கள்?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கல்வித் தரத்தை அறிய நம் நாட்டில் இரண்டு பெரிய கணக்கெடுப்புகள் நடக்கின்றன.

ஒன்று, மத்திய அரசு நடத்துவது. தேசிய அடைவுத் தேர்வு என்ற பெயரில் 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10-ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று 'பரக்' என்ற அமைப்பின் மூலம் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. நாடு முழுவதும் 74 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் 21 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள். இது பள்ளிக்கூடத்திலேயே வைக்கப்படும் தேர்வு.

மற்றொன்று, 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'ஏசர்' கணக்கெடுப்பு. இது கிராமப்புறத்துக்கு மட்டும் உரியது. தொண்டர்கள் வீட்டுக்கே வந்து, பிள்ளையைத் தனியே அமரவைத்து வாசிக்கச் சொல்கிறார்கள். முதலில் எழுத்துகள், அடுத்துச் சொற்கள், பிறகு ஒரு சிறு பத்தி, கடைசியாக இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. கணக்கில் எண்களை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். அவ்வளவுதான்.

எண்கள் சொல்வது என்ன?

2018-ல் நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 20.9 பேர்தான் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தார்கள். 2022-ல் அது 16.3 ஆகச் சரிந்தது. 2024-ல் 23.4 ஆக ஏறியது. ஐந்தாம் வகுப்பிலோ 2024-ல் 44.8 பேர். அதாவது, அரசுத் தொடக்கப் பள்ளியை முடித்து வெளியேறும் வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க வரவில்லை!

நம் தமிழகம் எப்படி? பள்ளியில் சேர்ப்பதில் முன்னணி மாநிலம் நாம். ஆனால் 2022 கணக்கெடுப்பில் தமிழகக் கிராமப்புற மூன்றாம் வகுப்பில் அந்தக் கதையை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 2024-ல் அது பத்தைத் தாண்டி மீண்டது.

இந்த எண்ணைக் கேட்டவுடன் ஆசிரியரைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். 2022-ல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை யார்? 2020-ல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை. கொரோனாவால் மூடிய பள்ளி, தமிழகத்தில் தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. அந்தப் பிள்ளை முதல் வகுப்பறையில் உட்கார்ந்ததே கிடையாது! எழுத்து அறிமுகமாக வேண்டிய ஆண்டு முழுவதும் வீட்டில் கழிந்தது. படித்த தாய் இருந்த வீட்டில் தாய் சொல்லிக் கொடுத்தார். மற்ற வீடுகளில் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

அதே நேரத்தில் எல்லாப் பழியையும் கொரோனா மீது போட்டுவிடவும் முடியாது. அதற்கு முன்பே, 2018-லேயே, தமிழகத்தின் எண் நூற்றுக்குப் பத்தை ஒட்டித்தான் இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் பல வீடுகளில் பேச்சுமொழி உருது. அந்தப் பிள்ளை தமிழை வாசிக்கத் திணறினால் அது மந்தபுத்தியா? வீட்டில் கேட்காத மொழியைப் பள்ளியில் புதிதாகக் கற்கிறது என்பதுதானே பொருள்? 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் எல்லாருக்கும் கட்டாயம். எனவே அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு கை பிடித்துவிட வேண்டும். மதிப்பெண்ணைப் பார்க்கும்போது பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கட்டணம் கட்டினால் போதுமா?

வணிகச் சகோதரர்கள் சிலர் மனதுக்குள் நினைப்பீர்கள்: "என் பிள்ளை மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிக்கிறான், இந்தக் கவலை எனக்கு இல்லை" என்று. பொறுங்கள்! 2024-ல் இதே கணக்கெடுப்பில் நாட்டின் கிராமப்புறத் தனியார் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில் அந்தக் கதையை வாசித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருந்தார்கள். கட்டணம் கட்டியும் மூன்றில் இருவருக்கு வாசிக்க வரவில்லை!

அரசுப் பள்ளியைவிட இது கூடுதல்தானே என்று கேட்கலாம். கூடுதல்தான். ஆனால் கட்டணம் கட்டும் வீட்டில் புத்தகம் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, படித்த பெற்றோர் இருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தில் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று அந்த ஓர் எண்ணை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பள்ளியை மாற்றுவது, சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் அட்டையைப் பார்த்து வாங்குவது போலாகும். வியாபாரி அப்படி வாங்குவாரா?

எடைக்கல்லைத் தேய்த்தால்...

தராசின் அருமை உங்களுக்குத் தெரியும். எடைக்கல் சரியாக இருந்தால்தான் கடைக்கு மரியாதை. தேர்வும் ஓர் எடைக்கல். அதைத் தேய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

2002-ல் அதிபர் புஷ் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின்படி, ஆண்டுதோறும் தேர்வு வைத்து, மதிப்பெண் உயராத அரசுப் பள்ளிகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளின் மதிப்பெண்கள் மளமளவென்று ஏறின. நாடே பாராட்டியது. பிறகு விடைத்தாள்களை இயந்திரத்தில் கொடுத்துப் பார்த்தபோது, தவறான விடை அழிக்கப்பட்டுச் சரியான விடை குறிக்கப்பட்டிருந்த இடங்கள் நம்ப முடியாத எண்ணிக்கையில் இருந்தன. 2011 ஜூலையில் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-ல் முறைகேடு நடந்ததாகவும், ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள் என 178 பேருக்கு அதில் பங்கு இருந்ததாகவும் கூறியது. 2015 ஏப்ரலில் 11 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றத்தில் தீர்ப்பானது.

தண்டனை பெற்றவர்களை விடுங்கள். பிள்ளைகள் என்ன ஆனார்கள்? தாளில் தேர்ச்சி பெற்றுவிட்டதால், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிறப்பு வகுப்பு கிடைக்காமல் போனது. எடைக்கல்லைத் தேய்த்தவர்கள் ஆசிரியர்கள். நட்டம் அடைந்தது பிள்ளை!

அந்தச் சட்டத்தை 2015-ல் வேறொரு சட்டம் கொண்டு மாற்றினார்கள். நமக்கு இதில் பாடம் உண்டு. தேர்வு நோயைக் கண்டறியப் பயன்பட வேண்டும்; நோயாளியை வெளியே தள்ளப் பயன்படக் கூடாது. தமிழகத்திலும் 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். கடும் எதிர்ப்பு எழுந்தது. 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. பத்து வயதுப் பிள்ளையின் நெற்றியில் 'தோல்வி' என்று எழுதி ஒட்டினால், முதலில் படிப்பை விட்டு வெளியேறுவது கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான், அதிலும் பெண் பிள்ளைதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் கையில் இருப்பது

சரி, என்ன செய்யலாம்? நான்கு காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டில் நீங்களே சோதியுங்கள். மூன்றாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும் உங்கள் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அது பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். 63-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். வராவிட்டால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். எந்தப் படியில் நிற்கிறது, எழுத்திலா, சொல்லிலா, பத்தியிலா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் ஆண்டுக்கு ஒருமுறை இருப்புக் கணக்கு எடுக்கிறோம். பெற்ற பிள்ளைக்கு ஒருமுறை எடுக்க வேண்டாமா?

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இக்குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அதில் இடம்பெற்று, கூட்டத்திற்குப் போய் வாய் திறக்க வேண்டும். "மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள்? ஐந்து வகுப்புகளுக்கு எத்தனை ஆசிரியர்கள்? காலியிடம் இருக்கிறதா?" இந்த மூன்று கேள்விகள் போதும். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் வகுத்த கணக்கு. ஆனால் ஐந்து வகுப்புகளையும் இரண்டே ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பார்க்கும் பள்ளிகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அந்த ஆசிரியரோடு சண்டை போடாதீர்கள்; அவருக்காக அதிகாரிகளிடம் மனு கொடுங்கள்.

மூன்றாவது, வணிகர்களுக்கு. பெருநாள் சீசனில், கல்யாண சீசனில் பள்ளிப் பிள்ளையைக் கடையில் எடுபிடியாக நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதென்றாலும் பள்ளி நேரத்திற்குப் பிறகும் விடுமுறையிலும்தான். எழுத்துக் கூட்டும் வயதில் ஒரு மாதம் விட்டுப்போனால், வகுப்பு அந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்காது.

நான்காவது, இளைஞர்களுக்கு. மாலையில் ஒரு மணி நேரம் கொடுங்கள். இதனால் பயன் உண்டா என்ற ஐயம் வேண்டாம். 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி மாலையில் சொல்லிக் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கொரோனாவில் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டார்கள். நம்மைப் போன்ற தெருவாசிகள் செய்த வேலை அது!

நம் தெருவிலும் இதைச் செய்யலாம். ஜமாஅத் மண்டபம் மாலையில் பூட்டித்தானே கிடக்கிறது? வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், எழுத்துத் தெரியாதவர் ஒரு பக்கம், சொல் வாசிப்பவர் ஒரு பக்கம் என்று படி வாரியாக உட்காரவையுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாவிட்டால் எழுத்திலிருந்தே தொடங்குங்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளையும், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் அழையுங்கள். பள்ளி ஒன்றுதான், வகுப்பறை ஒன்றுதான்.

சகோதரர்களே! கணக்குப் புத்தகத்தைக் கணக்கப்பிள்ளை எழுதட்டும் என்று விட்டுவிட்ட முதலாளி பல பேர் கடையை இழந்திருக்கிறார்கள். பிள்ளையின் கணக்கைப் பள்ளிக்கூடம் மட்டும் பார்க்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். வாசித்தால் மகிழுங்கள். வாசிக்காவிட்டால், நாளை மாலையே வேலையைத் தொடங்குங்கள்.